கேஸ் ஷீட்டில் ஏறாத கஷாயம்

அன்புள்ள டாக்டர் ஐயா,

வணக்கம். தென் மாவட்டத்தில் ஒரு தனியார் நர்சிங் கல்லூரியில் ஆசிரியையாக இருக்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம்.

என்னிடம் எம்.எஸ்சி. படித்த மாணவி ஒருத்தி, பி.எஸ்சி. நர்சிங் மாணவிகளுக்கு மாற்று மருத்துவம் பற்றி இருக்கும் அறிவும் மனப்பான்மையும் என்ற தலைப்பில் ஆய்வு செய்தாள். முதலில் கேள்வித்தாள், பிறகு அரைநாள் வகுப்பு, ஒரு வாரம் கழித்து அதே கேள்வித்தாள். மார்க் நன்றாகவே கூடியிருந்தது. வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கு வந்த வெளித் தேர்வாளர், அதாவது எக்ஸ்டர்னல், எல்லாவற்றையும் புரட்டிவிட்டு, "சரிம்மா, இதனால எந்த நோயாளிக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். அவளுக்குப் பதில் வரவில்லை. கைடு என்ற முறையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கும்தான்.

இரண்டு சந்தேகங்கள். இப்படிப்பட்ட ஆய்வெல்லாம் வீண்தானா? டாக்டருக்கும் நர்ஸுக்கும் படிக்கும்போதே சித்த மருத்துவத்தையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்துவிட்டால் இந்தக் குழப்பமே தீர்ந்துவிடாதா? என் அப்பா பல வருஷமாகச் சர்க்கரை நோயாளி. இங்கிலீஷ் மருந்தும் சாப்பிடுகிறார், சித்த மருந்தும் சாப்பிடுகிறார். அங்கே போனால் இதைச் சொல்வதில்லை, இங்கே வந்தால் அதைச் சொல்வதில்லை.

அன்புடன்,
ஒரு நர்சிங் ஆசிரியை

*

அன்புள்ள மேடம்,

எக்ஸ்டர்னல் கேட்டது நல்ல கேள்வி. அதை உங்கள் மாணவியிடம் மட்டும் கேட்டதுதான் நியாயமில்லை. இந்தத் துறையில் வெளிநாட்டு ஜர்னல்களில் வரும் கட்டுரைகள் பலவற்றுக்கும் அந்தக் கேள்வி பொருந்தும்.

எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் நர்சிங் டெஸர்டேஷன்கள், அதாவது பட்ட ஆய்வேடுகள், குவிந்து கிடக்கின்றன. இன்ன விஷயத்தைப் பற்றி இன்னாருக்கு இருக்கும் அறிவில் திட்டமிட்ட கற்பித்தலின் பயன் என்பதுதான் திரும்பத் திரும்ப வரும் தலைப்பு. இடையில் இருக்கும் வார்த்தை மட்டும் மாறும். முடிவு மாறாது: போஸ்ட் டெஸ்டில் மார்க் கூடியிருக்கும், மாற்றம் தற்செயலா இல்லையா என்று கணக்கிடும் பி வேல்யூவும் சொன்னபடி கேட்டிருக்கும். சொல்லிக்கொடுத்ததையே ஒரு வாரத்தில் திருப்பிக் கேட்டால் கூடாமல் என்ன செய்யும்? மனப்பான்மை பற்றிய கேள்விகள் இன்னும் மோசம். இன்டர்னல் மார்க் போடுகிற டீச்சர் கையாலேயே தாளை வாங்கிக்கொண்டு, 'மாற்று மருத்துவம் பற்றி நர்ஸ் தெரிந்திருக்க வேண்டும்' என்ற வரிக்கு நேராக 'உடன்படவில்லை' என்று டிக் அடிக்க எந்தப் பெண்ணுக்குத் துணிச்சல் வரும்?

எதை எண்ணுகிறோம் என்பதிலும் இந்தத் துறைக்குத் தீராத தகராறு உண்டு. அமெரிக்க அரசின் 2002ஆம் ஆண்டு தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில், முந்தைய 12 மாதங்களில் மாற்று மருத்துவம் எதையாவது பயன்படுத்திய பெரியவர்கள் 36 சதவீதம். நோய்க்காகப் பிரார்த்தனை செய்துகொண்டதையும் சேர்த்தால் அதுவே 62 சதவீதம். ஒரே ஜனங்கள், ஒரே வருஷம். நம் ஊரில் இப்படிக் கணக்கெடுக்கப் போனால் இஞ்சிக் கஷாயத்தை எந்தப் பக்கம் வைப்பது, வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டதை எந்தப் பக்கம் வைப்பது? சதவீதத்தோடு ஒரு கட்டுரை கண்ணில் பட்டால் முதலில் அதன் கேள்வித்தாளைத் தேடுவது என் வழக்கம்.

ஆனாலும் இந்தத் துறையே வீண் என்று சொல்ல மாட்டேன். அதன் தொடக்கத்திலேயே ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. டேவிட் ஐசன்பெர்க் குழுவினர் 1990இல் அமெரிக்காவில் 1,539 பேரிடம் டெலிபோனில் கேட்டு, 1993இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியிட்டார்கள். மூன்றில் ஒருவர், சரியாகச் சொன்னால் 34 சதவீதம் பேர், அந்த வருஷத்தில் ஏதோ ஒரு மாற்று மருத்துவத்தைப் பயன்படுத்தியிருந்தார்கள். எல்லோரும் மேற்கோள் காட்டுவது இந்த எண்ணைத்தான். எனக்கு அடுத்த எண்தான் முக்கியம்: அவர்களில் 72 சதவீதம் பேர் அதைத் தங்கள் டாக்டரிடம் சொல்லவில்லை. இப்படிச் சொல்லாமல் இருப்பதைப் பற்றி வந்த ஆய்வுகளையெல்லாம் 2019இல் திரட்டிப் பார்த்தபோதும் சொன்னவர்கள் மூன்றில் ஒரு பங்குதான். காரணங்களும் எல்லா ஊரிலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. டாக்டர் திட்டுவார் என்ற பயம். அவருக்கு எதற்கு இதெல்லாம் என்ற நினைப்பு. டாக்டர் கேட்கவே இல்லை என்பது இன்னொன்று. முதல் இரண்டும் நோயாளியிடம் இருப்பவை. மூன்றாவது நம்மிடம் இருப்பது. பாடம் நடத்தி மாற்ற முடிவதும் அது ஒன்றைத்தான்.

சுகர் ஓ.பி.யில் நடப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பயிற்சி டாக்டர் குனிந்து எழுதிக்கொண்டே கேட்பார்.

"வேற மருந்து ஏதாவது எடுக்குறீங்களா?"

"இல்ல சார்."

முடிந்தது. கேஸ் ஷீட்டில் 'நில்' (Nil), அதாவது ஒன்றுமில்லை, என்று ஏறிவிடும். அதே பாட்டியை வெளியே பெஞ்சில் உட்கார வைத்து, உங்கள் மாணவி ஒருத்தி பி.பி. பார்த்துக்கொண்டே பேச்சுக் கொடுக்கட்டும்.

"சுகருக்கு வீட்ல என்னெல்லாம் செய்வீங்க பாட்டி? எங்க ஆச்சி வெந்தயம் ஊறப்போட்டுக் குடிப்பாங்க."

"வெந்தயம் எதுக்கு? நான் காலைல வெறும் வயித்துல பாகக்கா சாறு. ஆவாரம்பூ காபி மாதிரி போட்டுக்கிடுவேன். அப்புறம் நம்ம வைத்தியர் ஒரு பொடி குடுத்திருக்காரு. பெரிய டாக்டர்ட்ட சொல்லிறாத தாயி, கத்துவாரு."

பெஞ்சில் நடந்த இந்தப் பேச்சைச் சொல்லிக்கொடுப்பதுதான் பாடம். உங்கள் மாணவியின் கேள்வித்தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

கேட்டுத் தெரிந்துகொள்வதால் என்ன லாபம்? பி.பி.க்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர், தொண்டைக் கரகரப்புக்கு அதிமதுரத்தை மாதக்கணக்கில் மென்றுகொண்டிருந்தால் உடலில் உப்பும் நீரும் தங்கி பி.பி. ஏறும், பொட்டாசியம் இறங்கும். அதிமதுரத்தில் இருக்கும் கிளிசிரிசின், சிறுநீரகத்தில் கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் செயலிழக்கச் செய்யும் நொதியைத் தடுத்துவிடுவதால் வரும் வினை இது. மாத்திரையும் பொட்டாசியத்தை வெளியேற்றக்கூடியது என்பதால் சரிவு இரட்டிப்பாகும். இதைக் கேட்காத டாக்டர் பி.பி. குறையவில்லையே என்று இன்னொரு மாத்திரை எழுதுவார்.

பொடி விஷயம் இதைவிடப் பெரிது. மூட்டு வலிக்கும் மூச்சு இரைப்புக்கும் லேபிள் இல்லாமல் விற்கும் பொடிகளில் ஸ்டீராய்டு கலப்பது ஊரறிந்த மோசடி. பட்டம் பெற்ற சித்த மருத்துவர்களே இதனால் தங்கள் பெயர் கெடுகிறது என்று கொதிக்கிறார்கள். முகம் நிலா மாதிரி வட்டமாக ஊதி, கை கால் மெலிந்து, வயிறு பெருத்து ஒருவர் வந்து நின்றால் அந்தப் பொடியைத்தான் சந்தேகிக்க வேண்டும். இதில் ஒரு பொறி இருக்கிறது. விஷயம் தெரிந்ததும் "தூக்கிப் போடு அதை" என்று கத்தினால், அவரும் பயந்துபோய் அன்றைக்கே நிறுத்துவார். இத்தனை நாள் வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்ததால், உடலுக்கு வேண்டிய ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி வேலையை விட்டிருக்கும். சில நாளில் வாந்தி, மயக்கம், பி.பி. சரிந்து எமர்ஜென்சிக்கு வருவார். கத்துவது மரியாதைக் குறைவு என்பதற்காக மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. அது ஆளையே கொன்றுவிடக்கூடும்.

இன்னொன்று சித்தம் படிப்பவர்களுக்கும் தெரிய வேண்டியது. 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் உடல் இளைப்பதற்காக ஒரு கிளினிக்கில் மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் அடுத்தடுத்துப் பழுதானது. ஒரு சீன மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோக்கியா இனச் செடி கலந்துவிட்டிருந்தது தெரிந்தது. பாதிக்கப்பட்டவர்கள் நூற்றுக்கும் மேல்; பிறகு சிலருக்குச் சிறுநீர்ப்பாதையில் புற்றுநோயும் வந்தது. நம் கரிசல் காட்டில் தானாக முளைக்கும் ஆடுதீண்டாப்பாளையும், பாம்புக்கடிக்குச் சொல்லும் ஈஸ்வரமூலியும் அதே இனம். சிறுநீரகம் பழுதாகி வருகிறவரிடம் எத்தனை பேர் இதைக் கேட்கிறார்கள்?

இனி உங்கள் இரண்டாவது சந்தேகம். சேர்த்துக் கற்றுக்கொடுப்பது புதிய யோசனை இல்லை, சென்னை அதைச் செய்து பார்த்துவிட்டது. நாட்டு மருத்துவத்தைப் பற்றி விசாரிக்க முகமது உஸ்மான் தலைமையில் மதராஸ் அரசு அமைத்த குழு 1923இல் அறிக்கை கொடுத்தது. தமிழ் வைத்தியர்களும் அதற்குச் சாட்சியம் எழுதி அனுப்பினார்கள். இன்று படித்தாலும் சுவையாக இருக்கும். அதன் பலனாக 1925இல் இந்திய மருத்துவப் பள்ளி தொடங்கியது. ஆயுர்வேதம், சித்தம், யுனானி மூன்றையும் உடற்கூறு, அறுவை சிகிச்சை போன்ற மேல்நாட்டுப் பாடங்களோடு சேர்த்து நடத்தினார்கள். எல்.ஐ.எம். (லைசென்ஷியேட் இன் இந்தியன் மெடிசின்) என்று பட்டம். பழைய தலைமுறையில் 'எல்.ஐ.எம். டாக்டர்' என்று யாரையாவது குறிப்பிடக் கேட்டிருப்பீர்கள். வெளியே வந்தவர்களில் பலரும் ஸ்டெதஸ்கோப்பும் ஊசியுமாகவே தொழில் செய்தார்கள். கடைசியில் 1960இல் அது முழு அலோபதிக் கல்லூரியாக மாறியது. இன்றைய கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி அதுதான். சித்தத்துக்கு 1964இல் பாளையங்கோட்டையில் தனிக் கல்லூரி வந்தது. இரண்டு பாடத்தையும் ஒரே தலையில் ஏற்றினால், சம்பளமும் மதிப்பும் எங்கே அதிகமோ அந்தப் பக்கம்தான் சாயும் என்பது என் எண்ணம். பாடத்திட்டத்தில் அதற்கு மருந்து இல்லை.

அமெரிக்கர்கள் வேறு வழியில் போனார்கள். 1998 கணக்குப்படி, பதில் அனுப்பிய 117 மருத்துவக் கல்லூரிகளில் 75இல் மாற்று மருத்துவம் ஏதோ ஒரு வடிவில் பாடமாக இருந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. அந்தப் பாடங்களில் 73ஐ எடுத்து, நடத்துகிறவர்களிடமே விசாரித்து 2002இல் ஒரு கட்டுரை வந்தது. 78 சதவீதப் பாடங்களை நடத்தியவர்கள் அந்தந்த மாற்று மருத்துவத்தைச் செய்கிறவர்களோ எழுதிக்கொடுக்கிறவர்களோதான். இது உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று அறிவியல் வழியில் சோதித்துப் பார்ப்பதற்கு அழுத்தம் கொடுத்த பாடங்கள் 18 சதவீதத்தை எட்டவில்லை. பாடம் என்று ஒன்று வைத்துவிட்டால் போதாது, வகுப்பில் யார் நிற்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். எம்.பி.பி.எஸ். படித்துவிட்டுப் பயிற்சியில் இருக்கும் நம் ஹவுஸ் சர்ஜன்களுக்கும் 2021 விதிமுறையில் இந்திய மருத்துவத்துக்கென்று ஒரு வாரம் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த வாரத்தை பி.ஜி. நுழைவுத் தேர்வுக்குப் படிக்கக் கிடைத்த லீவாகப் பார்ப்பவர்களே அதிகம். அவர்களைக் குறை சொல்லியும் பயனில்லை.

ஆகவே நர்சிங் மாணவிக்குச் சித்தம் கற்றுக்கொடுக்க வேண்டாம். பற்பம், செந்தூரம், சூரணம் என்றால் என்ன, உலோகம் சேரும் மருந்து எது, எதை யாரிடம் காட்டிக் கேட்பது என்ற அளவுக்குத் தெரிந்தால் போதும். மீதி நேரத்தில் முகம் சுளிக்காமல் கேட்கவும், கேட்டதை எழுதவும் பழக்குங்கள். உங்கள் மாணவிகளுக்கு இது வரும். மாதவிலக்கு வலிக்கு அவர்கள் ஹாஸ்டலில் என்ன குடிக்கிறார்கள் என்று வார்டனைக் கேட்டுப் பாருங்கள்.

அடுத்து ஒருத்திக்கு கைடாக இருக்கும்போது மனப்பான்மையை விட்டுவிடுங்கள், கேஸ் ஷீட்டை எண்ணச் சொல்லுங்கள். ஒரு வார்டில் முந்தைய மூன்று மாத அட்மிஷன்களில் வேறு வைத்தியம் பற்றி ஒரு வரியாவது எழுதப்பட்டவை எத்தனை, 'நில்' எத்தனை, காலியாக விட்டவை எத்தனை. பிறகு வகுப்பு. அடுத்த மூன்று மாதத்தை மறுபடி எண்ண வேண்டும். வகுப்பு நடக்காத இன்னொரு வார்டையும் கூடவே எண்ணினால்தான் மாற்றம் வகுப்பால் வந்ததா என்று சொல்ல முடியும். எழுதியதைப் பார்த்து டாக்டர் எத்தனை முறை மருந்தை மாற்றினார் என்பதையும் குறித்துக்கொண்டால், எக்ஸ்டர்னலுக்குப் பதில் கையில் இருக்கும். மாற்றம் எதுவும் இல்லை என்று முடிவு வந்தாலும் அப்படியே எழுதச் சொல்லுங்கள். நம் டெஸர்டேஷன்களில் அது அபூர்வம். மாவட்ட அரசு ஆஸ்பத்திரியாக இருந்தால் அதே வளாகத்தில் சித்தப் பிரிவும் இருக்கும். ஒரே நோயாளியின் இரண்டு ஓ.பி. சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே தனி ஆய்வாகும். எதிக்ஸ் கமிட்டி அனுமதியை மட்டும் முதலிலேயே வாங்கிவிடுங்கள், கேஸ் ஷீட்தானே என்று அலட்சியமாக இருந்து மாட்டிக்கொள்பவர்கள் உண்டு.

அப்பாவிடம் எதையும் நிறுத்தச் சொல்லாதீர்கள். வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டை, லேகிய டப்பா, சூரணப் பொட்டலம் எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு, அடுத்த முறை இரண்டு டாக்டரிடமும் அதே பையை எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். முடிந்தால் நீங்களும் கூடப் போங்கள். ஒரு மாதம் வெறும் வயிற்றுச் சர்க்கரையை எழுதி வையுங்கள். வியர்த்துப் படபடவென்று வந்தால் உடனே குளுகோமீட்டரில் பார்க்க வேண்டும். மாத்திரையும் சூரணமும் சேர்ந்து சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கியிருக்கலாம். லேபிள் இல்லாத பொட்டலம் ஏதாவது பையில் இருந்தால் டாக்டரிடம் முதலில் அதை எடுத்து வையுங்கள்.