இரண்டு ஓங்கல் இருந்தால் இரண்டு கூட்டம் ஆகிவிடுமா?

கேள்வி: கரை ஒதுங்கிய இரண்டு ஓங்கல்களின் (டால்பின்களின்) தோல் மாதிரி எங்கள் துறையில் இருக்கிறது. ஒன்று மன்னார் வளைகுடாவில் கிடைத்தது, மற்றது பாக் விரிகுடாவில். கடல்நீர் வேறு என்பதால் மரபணுவிலும் இவை வேறு கூட்டம் (தமக்குள்ளேயே இணை சேரும் தனித் தொகுதி) என்று முதுகலை ஆய்வேட்டில் எழுதலாமா? டிஎன்ஏ சோதனை, செயற்கைக்கோள் படம் எல்லாம் சேர்த்து ‘முழு ரிப்போர்ட்’ தருவதாக ஒருவர் சொல்கிறார். – மாணவி, தூத்துக்குடி.

பதில்: எழுதாதீர்கள். முதலில், இரண்டும் ஒரே இனம்தானா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. அப்புறம், செத்த ஓங்கல் நீரோட்டத்தில் எங்கிருந்து மிதந்து வந்ததோ, யார் கண்டது? பாம்பனுக்கு வடக்கே ஒதுங்கியது என்பதற்காக அது பாக் விரிகுடாக்காரி ஆகிவிடாது.

உங்கள் யோசனை தப்பில்லை. 2011-ல் வெளியான ஓர் ஆய்வில் ஓமான், தான்சானியா, மொசாம்பிக், தென்னாப்பிரிக்கா ஆகிய நான்கு நாட்டுக் கரைகளிலிருந்து 94 கூன்முதுகு ஓங்கல்களின் தாய்வழி டிஎன்ஏவை எடுத்து, 13 ஆண்டுச் செயற்கைக்கோள் பதிவுகளோடு சேர்த்துப் பார்த்தார்கள். தண்ணீர் எங்கே மாறியதோ அங்கே மரபணுவும் பிரிந்திருந்தது. இந்த ஓங்கல் கரையோர ஆழமில்லாத நீரை விட்டு நகராது. ஓமானில் தென்மேற்குப் பருவக்காற்று அடித்தால் ஆழத்துக் குளிர்நீர் மேலே ஏறும், பாசி பெருகும், மீன் கூடும். தான்சானியாக் கரையின் தண்ணீர் வேறு மாதிரி. கலங்கலில் எப்படி இரை பிடிப்பது, தெளிவில் எப்படிப் பிடிப்பது என்று குட்டி தாயோடு சுற்றியே பழகுகிறது. பழகிய தண்ணீரிலேயே தங்கி, அங்கேயே இணை சேர்ந்தால், தலைமுறை போகப்போக மரபணு விலகத்தானே செய்யும்?

ஆனால் தென்னாப்பிரிக்காவும் மொசாம்பிக்கும் மட்டும் பிரியவில்லை. இதை அவசரமாகத் தாண்டிப் போகாதீர்கள். இரண்டு நாடு, வரைபடத்தில் இரண்டு நிறம், ஆனால் கடல்நீரின் குணம் ஓரளவு ஒத்துப்போகிறது. மரபணுவும் ஒட்டியே இருக்கிறது. நீரும் மரபணுவும் சேர்ந்து போகின்றன என்பதற்கு இது நல்ல சாட்சி. ஆனால் இரண்டும் பக்கத்துப் பக்கத்துக் கரைகள். சேர்த்து வைத்தது ஒரே மாதிரித் தண்ணீரா, வெறும் அண்மையா? அதோடு, தாய்வழி டிஎன்ஏ தாயின் கதையை மட்டும்தான் சொல்லும். ஆண்கள் ஊர் சுற்றினால் அதில் தெரியாது. 94 மாதிரி வைத்திருந்தவர்களே ‘இப்படி இருக்கலாம்’ என்றுதான் எழுதினார்கள்.

உங்கள் ‘முழு ரிப்போர்ட்’காரர் அப்படி எழுத மாட்டார். இடப்பக்கம் பச்சையும் நீலமுமாக ஒரு கடல் படம், வலப்பக்கம் மரபணு உறவைக் காட்டும் ஒரு கிளைப்படம், நடுவில் ஓர் அம்புக்குறி. இந்த மாதிரி அட்டை போட்ட ஆய்வேடுகள் என் மேசைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. எந்த இரண்டு கடற்கரையை எடுத்தாலும் படத்தில் நிறம் மாறத்தான் செய்யும். இரண்டு ஓங்கலை எடுத்தால் டிஎன்ஏவில் ஏதாவது ஓர் எழுத்தும் மாறியிருக்கலாம். அதற்கு எதற்குப் பணம்?

மாதிரி எடுக்க வனத்துறையின் எழுத்து அனுமதி இருக்கிறதா? ஓங்கல் 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. ‘பர்மிட்டும் நானே வாங்கித் தருகிறேன்’ என்பவரை நம்பாதீர்கள். நேர்வழி சுலபம் என்றும் சொல்ல மாட்டேன். கடிதம் மேசை மேசையாக நகர்ந்து வருவதற்குள் அடுத்த ஓங்கல் ஜேசிபி தோண்டிய குழிக்குள் போயிருக்கும். பாதுகாக்கப்பட்ட விலங்காம்! செத்த பிறகு பட்டாணி அளவு தோலை எடுத்து வைக்கக் கரையில் ஒரு குப்பி கிடையாது.

அனுமதி சரியாக இருந்தால், இனத்தை டிஎன்ஏவில் உறுதி செய்து, ஒதுங்கிய தேதி, இடம், நீளம், துடுப்புப் படத்தோடு பதிவாக எழுதுங்கள். முதுகலைக்கு அது போதும். அதற்கும் முன்னால் ஜாடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள். எத்தனால் என்றால் சரி. பார்மலின் என்றால் டிஎன்ஏ பெரும்பாலும் சிதைந்திருக்கும். அப்போது ‘முழு ரிப்போர்ட்’காரருக்குப் போன் செய்யும் வேலையே இல்லை.