ஸ்டெம் செல்லும் வரிப்பணமும்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

உங்கள் கட்டுரை ஒன்றில் போகிற போக்கில், 'அமெரிக்க அரசு கரு ஸ்டெம் செல் ஆய்வை ஒருநாளும் தடை செய்ததில்லை' என்று எழுதியிருந்தீர்கள். ஜார்ஜ் புஷ் மத நம்பிக்கையால் தடை போட்டார், ஒபாமா அதை நீக்கினார் என்றுதான் நான் படித்திருக்கிறேன். எது சரி? கரு அழிவதைக் கொலை என்று நம்புகிறவரின் வரிப்பணத்தில் அந்த ஆய்வைச் செய்வது நியாயமா? ஜப்பானிய விஞ்ஞானி யமனாகா தோல் செல்லிலிருந்தே ஸ்டெம் செல் உருவாக்கி நோபல் பரிசும் வாங்கிவிட்டார். கருவே தேவையில்லை என்றான பிறகும் இந்தச் சண்டை ஏன் ஓயவில்லை?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கரு ஸ்டெம் செல் என்பது ஐந்து நாள் கருவின் உள்ளிருந்து எடுக்கும், உடலின் எந்தச் செல்லாகவும் மாறக்கூடிய செல். எடுக்கும்போது கரு அழிந்துவிடும், சண்டை அதனால்தான். முதலில் புஷ். தடை என்றால் மீறியவர் மீது வழக்கு வரவேண்டும். ஜெர்மனியில் வரும். அங்கே 1990ஆம் ஆண்டின் கருப் பாதுகாப்புச் சட்டப்படி ஆய்வுக்காகக் கருவை அழிப்பது குற்றம். வெளிநாட்டில் உருவான செல்களை இறக்குமதி செய்யலாம், அதுவும் 2002 ஜனவரி 1க்கு முன் உருவானவை மட்டும். பிறகு 2008இல் அந்தத் தேதியை 2007 மே 1க்கு நகர்த்தினார்கள். அமெரிக்காவில் சவுத் டகோட்டா போன்ற சில மாநிலங்கள் தம் எல்லைக்குள் தடுத்தன. ஃபெடரல் அரசு தடுத்ததில்லை. பணம் தர மறுத்தது, அவ்வளவுதான்.

அந்த மறுப்பும் புஷ் தொடங்கியதல்ல. ஜே டிக்கி, ரோஜர் விக்கர் என்ற இரண்டு பிரதிநிதிகள் சபை உறுப்பினர்கள் சுகாதாரத் துறையின் ஆண்டு நிதி மசோதாவோடு ஒரு திருத்தத்தை ஒட்டினார்கள். 1996 ஜனவரியில் அதில் கையெழுத்திட்டவர் கிளின்டன். ஆய்வுக்காகக் கருவை உருவாக்கவோ, கரு அழியும் ஆய்வுக்கோ அந்த நிதியைச் செலவிடக்கூடாது என்பது அதன் சாரம். ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்கவேண்டிய திருத்தம். எந்தக் கட்சி ஆண்டாலும் புதுப்பித்திருக்கிறார்கள்.

அதனால்தான் 1998இல் விஸ்கான்சினில் ஜேம்ஸ் தாம்சன் முதன்முதலாக மனிதக் கரு ஸ்டெம் செல்களைப் பிரித்தெடுத்தபோது அரசுப் பணத்தைத் தொடவில்லை. ஜெரான் என்ற தனியார் நிறுவனம் பணம் தந்தது. சோதனைக்குழாய்க் கருத்தரிப்புக்காக உருவாக்கி, தம்பதிகள் தானமாகத் தந்த 36 கருக்கள். அவற்றில் ஐந்து நாள் பருவம்வரை வளர்ந்தவை 20. அதில் 14ஐ எடுத்து, வெளிப்புறச் செல்களை எதிர்ப்பொருள் கொண்டு கரைத்து, உள்ளே இருக்கும் செல் திரளை மட்டும் எலிச் செல் படுகையின்மேல் வைத்து வளர்த்தார்கள். நிலைத்தவை ஐந்து செல் லைன்கள். ஒரே கருவிலிருந்து வந்து, ஓயாமல் பெருகிக்கொண்டே இருக்கும் செல் குடும்பத்துக்குத்தான் செல் லைன் என்று பெயர்.

1999 ஜனவரியில் சுகாதாரத் துறையின் தலைமைச் சட்ட ஆலோசகர் ஹாரியட் ராப் ஒரு வழி சொன்னார். ஸ்டெம் செல் தானே ஒரு கரு அல்ல. ஆகவே கருவைப் பிரிக்கும் வேலை தனியார் பணத்தில் நடக்கட்டும், பிரித்த செல்லை வைத்துச் செய்யும் ஆய்வுக்கு அரசு பணம் தரலாம். கிளின்டன் அரசு இதையொட்டி விதிகள் எழுதியது, ஆனால் பதவி முடிவதற்குள் ஒரு மானியமும் தரவில்லை. கரு ஸ்டெம் செல்லுக்கு முதல் ஃபெடரல் பணம் வந்தது புஷ் காலத்தில். 2002 நிதியாண்டில் சுமார் 1 கோடி டாலர். நீங்கள் படித்ததற்கு நேர் எதிராக இருக்கிறது, இல்லையா?

ஆனால் புஷ் வைத்த நிபந்தனை கடுமையானது. 2001 ஆகஸ்ட் 9 இரவு ஒன்பது மணிக்கு முன் உருவாகியிருந்த செல் லைன்களுக்கு மட்டுமே பணம். 'ஏற்கெனவே அழிந்த கரு அழிந்ததுதான், இனி அழிப்பதற்கு அரசு தூண்டுதலாக இருக்காது' என்பது வாதம். உரையில் அறுபதுக்கு மேல் லைன்கள் இருப்பதாகச் சொன்னார். அரசு மானியங்களை வழங்கும் தேசிய சுகாதார நிறுவனத்தின் பட்டியல் பிறகு 78 என்றது. ஆய்வாளர் கைக்கு உண்மையில் வந்தவை 21. மற்றவை சில உறைநிலையிலிருந்து எடுத்ததும் வளரவில்லை, சில உரிமையாளர் நிறுவனத்தைவிட்டு வெளியே வரவில்லை, சில ஒன்றுக்கொன்று நகல்கள்.

வந்த 21இலும் சிக்கல்கள் இருந்தன. எல்லாமே எலிச் செல்லோடும் கன்றின் சீரத்தோடும் வளர்ந்தவை. மனிதச் செல்லால் தயாரிக்க முடியாத ஒரு சயாலிக் அமிலத்தை (செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஒரு வகைச் சர்க்கரை) அவை அந்த விலங்குப் பொருட்களிலிருந்து எடுத்துக்கொள்கின்றன என்று 2005இல் சான் டியாகோ ஆய்வாளர்கள் காட்டினார்கள். நம்மில் பெரும்பாலோர் ரத்தத்தில் அந்த அமிலத்துக்கு எதிர்ப்பொருள் உண்டு, ஆகவே உடலில் வைத்தால் தாக்கப்பட வாய்ப்பு. இரண்டாவது, பழைய லைனைத் திரும்பத் திரும்பப் பிரித்து வளர்த்தால் 12, 17ஆம் குரோமோசோம்கள் கூடுதலாகச் சேர்ந்துவிடுகின்றன. அப்படி மாறிய செல் வேகமாகப் பெருகும், பார்க்க ஆரோக்கியமாகவே இருக்கும். குரோமோசோம் சோதனையை அவ்வப்போது செய்யாத ஆய்வகத்துக்குத் தெரியவே தெரியாது. மருத்துவத்துக்குத் தேவைப்பட்டது புதிய, விலங்குப் பொருள் படாத லைன்கள். தேதிக்கோடு தடுத்தது அவற்றைத்தான்.

ஆய்வகத்தில் இது எப்படி நடந்தது என்பதை அரசியல் கட்டுரைகள் சொல்வதில்லை. பட்டியலில் இல்லாத லைனில் வேலை செய்ய வேண்டுமானால், ஃபெடரல் மானியத்தில் வாங்கிய நுண்ணோக்கியில் அதைப் பார்க்கக்கூடாது. இன்குபேட்டர், மையவிலக்கி, உறைப்பெட்டி, பிப்பெட் முனைகள் எல்லாம் இரண்டு செட். எது யார் பணம் என்று தெரிய நிற ஸ்டிக்கர்கள். ஒரே தொழில்நுட்ப உதவியாளர் இரண்டு வேலையும் செய்தால் அவருடைய நேரத்தை மணிக்கணக்கில் பிரித்து எழுதவேண்டும். மானியத்தோடு வரும் மேல்செலவுத் தொகையில்தான் கட்டடத்தின் மின்கட்டணமும் அடங்கும் என்பதால், சில பல்கலைக்கழகங்கள் தனிக் கட்டடத்துக்கே போயின. ஹார்வர்டில் டக் மெல்ட்டன் 2004இல் தனியார் பணத்தில் 17 புதிய லைன்களை உருவாக்கி மற்றவர்களுக்குக் கொடுத்தார். அவரைப் போன்ற பெரிய பெயர்களுக்கு அது முடிந்தது. முதல் மானியத்துக்குக் காத்திருக்கும் இளம் ஆய்வாளர் இந்தக் கணக்குச் சிக்கலுக்குள் ஏன் வருவார்?

கலிஃபோர்னியா வேறு வழி பிடித்தது. மகனுக்கு நீரிழிவு வந்த ராபர்ட் கிளைன் என்ற நிலமனை வணிகர் முன்னின்று நடத்திய, மக்கள் நேரடியாக வாக்களிக்கும் 71ஆம் முன்மொழிவு, 2004 நவம்பரில் சுமார் 59 சதவீத வாக்குகளோடு வென்றது. கடன்பத்திரம் வழியாக 300 கோடி டாலர், ஆண்டுக்கு 35 கோடிவரை. வட்டியோடு மாநிலம் திருப்பிக் கட்டவேண்டியது ஏறத்தாழ இரண்டு மடங்கு. வழக்குகளால் 2007வரை பத்திரம் விற்க முடியவில்லை. இடையில், 2006 ஜூலையில் புஷ் தன் முதல் வீட்டோவை, ஸ்டெம் செல் நிதியை விரிவாக்கும் மசோதா மீது பயன்படுத்திய மறுநாள், ஆளுநர் ஷ்வார்ஸ்நெக்கர் 15 கோடி டாலர் கடன் கொடுத்தார். இருவரும் ஒரே கட்சி. அந்த மசோதாவை ஆதரித்த செனட்டர் ஆரின் ஹாட்ச் கருக்கலைப்பை எதிர்ப்பவர். மதம் ஒருபுறம், அறிவியல் மறுபுறம் என்று கோடு கிழித்தால் இவர்களை எங்கே நிறுத்துவது?

இந்தப் பணத்தை வழங்க அமைத்த கலிஃபோர்னிய நிறுவனத்திலும் குறை உண்டு. பணத்தைப் பங்கிட்ட 29 பேர் கொண்ட குழுவில் பலர், பணம் பெறும் நிறுவனங்களோடு தொடர்புள்ளவர்கள். 2012இல் அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் அமைப்பின் ஆய்வுக்குழு இதை நேரடியாகவே கண்டித்தது. ஆனால் தனியாரை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஜெரானே உதாரணம். தண்டுவடக் காயத்துக்கான அவர்களுடைய சிகிச்சைதான் கரு ஸ்டெம் செல்லில் அனுமதி பெற்ற முதல் மனிதப் பரிசோதனை. விண்ணப்பமே 20,000 பக்கத்துக்கு மேல். 2010 அக்டோபரில் முதல் நோயாளிக்கு 20 லட்சம் செல்கள் செலுத்தினார்கள். 2011 நவம்பரில் நிறுவனம் ஸ்டெம் செல் வேலையையே நிறுத்திவிட்டது. பாதுகாப்புச் சிக்கல் எதுவும் இல்லை, முதலீட்டைப் புற்றுநோய் மருந்துகளுக்குத் திருப்பினார்கள். பிறகு வேறொரு நிறுவனம் அதை வாங்கி, கலிஃபோர்னியாவின் 1.43 கோடி டாலரோடு மீண்டும் தொடங்கியது.

ஒபாமா 2009 மார்ச் 9 அன்று செய்தது தேதிக்கோட்டை அழித்தது மட்டும். அதன் இடத்தில் ஒப்புதல் விதி வந்தது. கரு குழந்தைப்பேற்றுக்காக உருவாக்கப்பட்டு மிஞ்சியதாக இருக்கவேண்டும். அதற்குப் பணம் தந்திருக்கக்கூடாது. மற்ற வழிகள் என்னென்ன என்று தம்பதிக்குச் சொல்லியிருக்கவேண்டும். செல்லைப் பிரிக்கும்வரை மனம் மாற அவர்களுக்கு உரிமை உண்டு. என் கருத்தில் இந்த விவகாரத்தில் அறம் உருப்படியாக வேலை செய்த இடம் இந்தப் படிவம்தான். சிகாகோவின் ஒரு மருத்துவ நிறுவனம் சமர்ப்பித்த நாற்பதுக்கும் மேற்பட்ட லைன்களை 2010இல் தேசிய சுகாதார நிறுவனம் நிராகரித்தது. நோய்க்கூறுகள் கொண்ட அரிய லைன்கள் அவற்றில் இருந்தன. ஆனால் ஒப்புதல் படிவத்தில், கொடையாளர் தம் சட்ட உரிமைகளை விட்டுக்கொடுப்பதாக ஒரு வாசகம் இருந்தது. அந்த ஒரு வாசகம் போதுமானதாக இருந்தது.

மிஞ்சும் கருக்கள் எத்தனை என்பதையும் இரு தரப்பும் வசதிக்கேற்பச் சொல்வார்கள். 2003இல் வெளியான கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் உறைநிலையில் இருந்தவை சுமார் 4 லட்சம். அதில் ஆய்வுக்கென்று தம்பதிகள் ஒதுக்கியது 2.8 சதவீதம், அதாவது ஏறத்தாழ 11,000. உருகும்போதும் வளரும்போதும் இழப்பவை போக, அதிலிருந்து கிடைக்கக்கூடியது 275 லைன் என்று மதிப்பிட்டார்கள். 'குப்பைக்குப் போகும் லட்சக்கணக்கான கருக்கள்' என்ற மேடைப் பேச்சும் மிகை, 'கருப் படுகொலை' என்ற எதிர்ப்பேச்சும் மிகை.

வரிப்பணக் கேள்விக்கு வருகிறேன். அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் நீதிமன்றத்தில் அந்தக் கேள்வி எந்த உருவத்தில் வந்தது என்று பாருங்கள். ஒபாமாவின் விதிகளை எதிர்த்து வழக்குத் தொடுத்த ஜேம்ஸ் ஷெர்லி, தெரசா டைஷர் இருவரும் வயதுவந்தோர் ஸ்டெம் செல் (கருவிலிருந்து அல்லாமல் வளர்ந்த உடலிலிருந்து எடுப்பது) ஆய்வாளர்கள். கருவின் சார்பில் வழக்காட நீதிமன்றம் இடம் தரவில்லை. 'மானியத்துக்கு எங்களுக்குப் போட்டி கூடுகிறது' என்ற வாதத்துக்கு இடம் தந்தது. 2010 ஆகஸ்ட் 23 அன்று நீதிபதி ராய்ஸ் லாம்பர்த் தடையாணை தர, 17 நாள் நிதி நின்றது. மேல்முறையீட்டில் 2011இல் இரண்டுக்கு ஒன்று என அரசு வென்றது. 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்தது.

ஐந்து நாள் கருவுக்கு அற மதிப்பு உண்டு என்றால், அதை அழிப்பவர் ஜெரானின் காசோலையில் அழித்தாலும் மதிப்பு அதேதான். பிரிட்டன் அதைப் புரிந்துகொண்டது. 1984இல் அரசு அமைத்த வார்னாக் குழு சொன்ன 14 நாள் எல்லையை (அதற்கு மேல் கருவை ஆய்வகத்தில் வளர்க்கக்கூடாது) 1990இல் சட்டமாக்கி, அரசுப் பணமோ தனியார் பணமோ, ஒவ்வொரு கரு ஆய்வுக்கும் உரிமம் வேண்டும் என்றது. அமெரிக்காவில் எதிர்ப்பாளரின் டாலர் சுத்தமாக இருந்தது, கரு பக்கத்து அறையில் அழிந்தது, அங்கே கேட்பாருமில்லை. கேட்பதற்கு அரசுக்கு இருந்த பிடியே மானியம்தான், அதைக் கையிலிருந்து விட்டுவிட்டார்கள். எனக்கு ஜெர்மன் சட்டத்தில் உடன்பாடில்லை, ஆனால் அதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. டிக்கி-விக்கருக்கு அதுவும் இல்லை.

யமனாகா 2006இல் எலியிலும் 2007இல் மனிதச் செல்லிலும் செய்தது பெரிய பாய்ச்சல். நான்கு மரபணுக்களைச் செலுத்தி, தோல் செல்லைப் பின்னோக்கித் திருப்பினார். ஆனால் அந்த நான்கைத் தேடிக் கண்டதும், அப்படித் திருப்பிய செல் (ஐபிஎஸ் செல் என்பார்கள்) சரிதானா என்று சோதித்ததும் கரு ஸ்டெம் செல்லை அளவுகோலாக வைத்துத்தான். நான்கில் ஒன்றான சி-மிக் புற்றுநோயைத் தூண்டக்கூடியது. 2014இல் ஜப்பானில் ஒரு நோயாளிக்கு அவருடைய சொந்த ஐபிஎஸ் செல்லிலிருந்து விழித்திரைப் படலம் வைத்தார்கள். இரண்டாவது நோயாளியின் செல்களில் மரபணு மாற்றங்கள் தெரிந்ததால் நிறுத்திக்கொண்டார்கள். 2025 ஏப்ரலில் பார்க்கின்சன் நோய்க்கான இரண்டு சிறு பரிசோதனைகளின் முடிவுகள் ஒன்றாக வந்தன: கியோட்டோவில் ஐபிஎஸ் செல், வட அமெரிக்காவில் கரு ஸ்டெம் செல். அங்கே பயன்பட்ட லைன் ஹெச்9, தாம்சன் 1998இல் எடுத்த ஐந்தில் ஒன்று.

சண்டை ஓயாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2021 மார்ச்சில் இரண்டு ஆய்வுக்குழுக்கள், விந்தும் முட்டையும் இல்லாமல், ஐந்து நாள் கருவைப் போன்ற அமைப்பை ஆய்வகத்தில் உருவாக்கிக் காட்டின. அவற்றில் ஒன்று தொடங்கியது தோல் செல்லிலிருந்து. டிக்கி-விக்கர் திருத்தமோ, கருத்தரிப்பால் மட்டுமல்லாமல், மனிதனின் இரட்டைக் குரோமோசோம் செல்லிலிருந்து 'வேறு எந்த வழியிலும்' உருவாகும் உயிரியையும் கரு என்றே வரையறுக்கிறது. தோல் செல்லில் இருப்பதும் இரட்டைக் குரோமோசோம்தான். கருவைத் தவிர்க்கக் கண்டுபிடித்த வழியில் செய்த அமைப்புக்கு அரசுப் பணம் தரலாமா என்ற கேள்வி, அந்த 1996 வாசகத்துக்கே திரும்பி வந்து நிற்கிறது.