'எண்டெவர்' என்ற ஆங்கிலச் சொல்லை எங்கே, எப்படிப் பயன்படுத்துவது? 'டிரை', 'எஃபர்ட்' என்பவற்றிலிருந்து இது எப்படி வேறுபடுகிறது?

விடாமுயற்சி என்பதுதான் நெருங்கிய தமிழ். 'டிரை' ஒரே ஒரு தடவை செய்து பார்ப்பதற்கும் பொருந்தும். பூட்டில் சாவியைத் திருகிப் பார்ப்பதற்கு அது போதும், அங்கே எண்டெவர் போட்டால் ஒட்டாது. 'எஃபர்ட்' நாம் செலவிடும் உழைப்பைக் குறிக்கும். எண்டெவர், பெரும்பாலும் நாளாகும், கடினமான ஒரு காரியத்தில் மனமூன்றி இறங்குவது. பிரெஞ்சில் 'கடமை' எனப் பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. அந்தக் கனம் இன்னும் அதில் இருக்கிறது.

வினையாக வந்தால் பின்னால் 'டு' சேர்த்து வினையின் மூல வடிவம் வரவேண்டும்: 'வி வில் எண்டெவர் டு ஃபினிஷ் இட்'. பலர் தடுக்குவது இங்கேதான். 'எண்டெவர் ஃபார் ஃபினிஷிங்' தவறு. 'வி வில் எண்டெவர்' என்ற அந்த வாக்கியம் முடித்துத் தருவதாக வாக்குக் கொடுக்கவில்லை, முயல்வோம் என்று மட்டுமே சொல்கிறது. அலுவலகக் கடிதங்களில் இதைக் கவனித்துப் படியுங்கள். விடைபெறுபவரை வாழ்த்தும்போது 'ஃபியூச்சர் எண்டெவர்ஸ்' என்று பன்மையில் எழுதுவதே வழக்கம்.

அழுத்தம் நடுவிலுள்ள 'டெ'யில். பிரிட்டிஷ் எழுத்துமுறையில் இந்தச் சொல்லில் வரும் 'யு' (endeavour) அமெரிக்க எழுத்துமுறையில் (endeavor) கிடையாது. ஆனாலும் 1992-இல் முதன்முதலாகப் பறந்த 'எண்டெவர்' என்ற நாசா விண்கலத்தின் பெயரில் 'யு' உண்டு. கடற்பயணி ஜேம்ஸ் குக்கின் பிரிட்டிஷ் கப்பலின் பெயரை அப்படியே வைத்ததுதான் காரணம்.