படத்தில் கல்லீரல் ஏன் இடப்பக்கம் தெரிகிறது?

கேள்வி: என் தந்தையாரின் வயிற்று சி.டி. ஸ்கேன் படத்தில் கல்லீரல் இடப்பக்கம் தெரிகிறது. படம் மாறிவிட்டதா? அறிக்கையில் வரும் ஆக்ஸியல், கொரோனல், சாஜிட்டல் என்பவை எவை?

பதில்: படம் மாறவில்லை. உடற்கூற்றியலில் இடம், வலம் என்பவை பார்ப்பவருடையவை அல்ல, நோயாளியுடையவை. மல்லாந்து படுத்திருப்பவரைக் கால்மாட்டில் நின்று நோக்குவதுபோலக் குறுக்குவெட்டுப் படத்தை அமைப்பதால், அவருடைய வலப்புறக் கல்லீரல் நமக்கு இடப்பக்கம் வந்துவிடுகிறது.

ஒருவர் எப்படிப் படுத்திருந்தாலும், அவர் நிமிர்ந்து நின்று, முகமும் பாதங்களும் முன்னோக்க, கைகளைத் தொங்கவிட்டு, உள்ளங்கைகளை முன்பக்கம் காட்டுவதாகக் கொண்டே திசைகள் அனைத்தும் சொல்லப்படும். உள்ளங்கை அவ்வாறு திரும்பியிருப்பதால் கட்டைவிரல் வெளிப்புறமாகவும், சுண்டுவிரல் உடலின் நடுக்கோட்டை நோக்கியும் அமைகின்றன. புதிதாகப் படிப்பவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

இனி அந்த மூன்று பெயர்கள்: அவை உடலை வெட்டிப் பார்ப்பதாகக் கொள்ளும் தளங்கள். ஆக்ஸியல் எனும் குறுக்குவெட்டுத் தளம் உடலை மேல், கீழ் எனவும், கொரோனல் முன், பின் எனவும், சாஜிட்டல் இடம், வலம் எனவும் பிரிக்கும். சாஜிட்டல் என்ற பெயர் அம்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது.

மிகச் சிலருக்கு உறுப்புகள் பிறவியிலேயே இடவலம் மாறி அமைந்திருப்பதும் உண்டு; அதைக் கண்டறிய, படத்தின் ஓரத்தில் உள்ள ‘ஆர்’ (வலம்) அல்லது ‘எல்’ (இடம்) எழுத்தை மருத்துவர் முதலில் பார்ப்பார்.