ஊட்டி இறக்கத்தில் ரீஜென் வேலை செய்யாதது ஏன்?

வணக்கம். உங்கள் மின்சாரக் காருக்கு ஊட்டியில் 100% சார்ஜ் ஏற்றிவிட்டு மேட்டுப்பாளையம் இறங்கும்போது, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தும் வண்டி இழுத்துப் பிடிக்கவில்லை, குன்னூர் தாண்டிய பிறகுதான் கொஞ்சம் பிடித்தது என்று எழுதியிருந்தீர்கள். பயப்பட வேண்டாம், மோட்டாரில் பழுது இருக்க வாய்ப்பில்லை.

காலை எடுத்ததும் சக்கரம் மோட்டாரைச் சுற்ற, அது ஜெனரேட்டராகி மின்சாரம் தருகிறது, வண்டியையும் இழுத்துப் பிடிக்கிறது; இதுதான் ரீஜென். அந்த மின்சாரத்தை ஏற்க பேட்டரியில் இடம் வேண்டுமே! நிறைந்த குடத்தில் எங்கே ஊற்றுவது? அதனால் வண்டியே ரீஜெனைக் குறைத்துவிடுகிறது.

ஒரு கணக்கு: 1,600 கிலோ வண்டி ஏறத்தாழ 1,900 மீட்டர் இறங்கினால் 8 யூனிட் ஆற்றல். உராய்வு, காற்று, மாற்றத்தில் வீணாவது போக 3, 4 யூனிட் திரும்பக் கிடைக்கலாம். 30 யூனிட் பேட்டரிக்கு அது பத்துப் பன்னிரண்டு சதவீதம். ஆகவே ஊட்டியில் சார்ஜை 85 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். (ஹோட்டலில் இலவச சார்ஜர் இருந்தால் மனசு கேட்காதுதான்.)

அப்புறம், ரீஜென் இல்லாதபோது பிரேக்கை மிதித்தபடியே இறங்காதீர்கள், சூடேறிவிடும். நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு, காலை எடுத்து ஆறவிடுங்கள். குளிர்ந்த காலையில் பேட்டரி சில்லிட்டிருந்தாலும் ரீஜென் இப்படித்தான் குறையும்.