அமெரிக்காவில் மலிவு சிம்முக்கு மாறினால் நெட் வேகம் குறையுமா?

மாதம் 80 டாலர் கட்டும் போஸ்ட்பெய்டை விட்டுவிட்டு 15 டாலர் சிம்முக்கு மாறலாமா, டவர் ஒன்றுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். டவர் ஒன்றுதான். மலிவு சிம் விற்கும் கம்பெனிகளில் மின்ட் மொபைல் ஓடுவது டி-மொபைல் டவரில், விசிபிள் வெரைசான் டவரில், கிரிக்கெட் ஏடி அண்ட் டி டவரில். ஆனால் அந்த டவரில் உங்களுக்குக் கிடைக்கும் இடம் ஒன்றல்ல.

எல்டிஇ-யில், அதாவது 4ஜி-யில், ஒவ்வொரு இணைப்புக்கும் வரிசையில் அதன் இடத்தைச் சொல்லும் கியூசிஐ என்று ஓர் எண் உண்டு. நம் இன்டர்நெட் பெரும்பாலும் 6 முதல் 9-க்குள் வரும். எண் கூடக்கூட வரிசையில் பின்னால். வெரைசானின் விலை கூடிய பிளான்களுக்கு 8 என்றால், விசிபிளின் அடிப்படை பிளானுக்கு 9. திருப்பதியில் 300 ரூபாய் டிக்கெட்டும் இலவச தரிசனமும் போலத்தான். கூட்டமில்லாத நாளில் இரண்டு வரிசையும் சட்டென்று நகரும். கூட்டம் கூடினால்தான் வித்தியாசம் தெரியும்.

நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம் ஓக் ட்ரீ ரோட்டில் தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை சாயங்காலம் இதை நேரில் பார்த்தேன். என் மலிவு சிம்மில் சிக்னல் முழுசாக இருந்தது, 5ஜி என்றும் காட்டியது, ஆனால் மளிகைக் கடை பில் கவுன்டரில் கூப்பன் பக்கம் திறக்கவே இல்லை. அதே நெட்வொர்க்கின் போஸ்ட்பெய்டு வைத்திருந்த மனைவியின் போனில் உடனே திறந்தது. சிக்னல் கட்டம் டவர் எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்பதை மட்டும்தான் சொல்லும், உங்கள் முறை எப்போது வரும் என்பதைச் சொல்லாது.

இப்படிப் பின்வரிசையில் நிற்பதையும் வேகக் கட்டுப்பாட்டையும் பலர் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். பிளான் அளவு தீர்ந்தபின்னோ எப்போதுமேயோ வேகத்தை ஓர் அளவோடு பிடித்து நிறுத்துவது வேறு விஷயம். அது டவர் காலியாக இருந்தாலும் நடக்கும். 2018-ல் கலிபோர்னியா மென்டசினோ காட்டுத்தீயின்போது சான்டா கிளாரா கவுன்டி தீயணைப்புத் துறையின் டேட்டாவை வெரைசான் அப்படித்தான் குறைத்தது. பிறகு அது தங்கள் தவறு என்று ஒப்புக்கொண்டது. கிரிக்கெட் ஒரு காலத்தில் 8 எம்பிபிஎஸ்-க்கு மேல் விடாமல் வைத்திருந்ததும் இந்த வகைதான்.

நம்மவர்களுக்கு முக்கியமாக ஒன்று சொல்ல வேண்டும். சாதாரண போன் காலுக்குக் கியூசிஐ 1, அதனால் மலிவு சிம்மிலும் அது நன்றாகவே போகும். ஆனால் ஊரில் இருக்கும் அம்மாவோடு வாட்ஸ்அப் வீடியோவில் பேசுவது வெறும் டேட்டா. அது பின்வரிசையில்தான் நிற்கும். வீட்டு வைஃபையில் பேசுகிறவர்களுக்குக் கவலையில்லை. வேலை முடிந்து ரயிலில் வரும்போதுதான் பேச நேரம் கிடைக்கும் என்றால் யோசித்து மாறுங்கள்.

சரி, எப்படிச் சோதிப்பது? சில கம்பெனிகள் இ-சிம்மில் இலவச ட்ரையல் தருகின்றன. இப்போதைய நம்பரை வைத்துக்கொண்டே அதை இரண்டாவது சிம்மாகப் போடுங்கள். நீங்கள் வழக்கமாக நெட் பார்க்கும் இடத்தில் காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் வேகம் பாருங்கள். காலையில் பறந்து மாலையில் ஊர்ந்தால் பின்வரிசைதான் காரணம். இரண்டு நேரமும் மந்தமென்றால் அங்கே கவரேஜே சரியில்லை. எப்போதும் ஒரே எண்ணில் நின்றால் பிளானில் உச்சவரம்பு இருக்கிறது. அப்புறம், ஸ்பீட்டெஸ்டில் நல்ல வேகம் காட்டி, நெட்ஃபிளிக்ஸின் ஃபாஸ்ட் டாட் காமில் மட்டும் குறைந்தால் வீடியோவை 480பி என்ற குறைந்த தரத்துக்கு அடக்குகிறார்கள் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

பகலெல்லாம் ஆபீஸ் வைஃபை, இரவில் வீட்டு வைஃபை என்றிருப்பவர் 80 டாலர் கட்டத் தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து. ஊபர் ஓட்டுபவர், ஹாட்ஸ்பாட்டில் வேலை பார்ப்பவர், ஸ்டேடியம் பக்கத்தில் குடியிருப்பவர் மட்டும் முன்னுரிமை டேட்டா எத்தனை ஜிபி என்று தெளிவாக எழுதியிருக்கும் பிளானாகப் பார்த்து எடுங்கள். 2024 ஏப்ரல் முதல் பெரிய நிறுவனங்கள் ஒவ்வொரு பிளானுக்கும் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி சொன்ன விவரச்சீட்டைக் காட்டியாக வேண்டும். அதன் அடியில் நெட்வொர்க் மேனேஜ்மென்ட் என்று ஒரு லிங்க் இருக்கும். யாரை எப்போது பின்னால் தள்ளுவார்கள் என்பதை அங்கேதான் எழுதியிருப்பார்கள், பணம் கட்டும் முன் அதைத் திறந்து படியுங்கள்.