பத்ரோன் மிளகாய்: எது உறைக்கும், எது உறைக்காது?

கேள்வி: பார்சிலோனாவில் வசிக்கிறோம். உணவகத்தில் தருவது போல பத்ரோன் என்ற ஸ்பெயின் நாட்டுச் சின்னப் பச்சை மிளகாயை வீட்டில் வறுத்தேன். எண்ணெய் அடுப்பெல்லாம் தெறித்தது. தோல் கருகி, உள்ளே பச்சையாகவே இருந்தது. போதாததற்கு ஒரு மிளகாய் உறைத்து ஐந்து வயது மகன் அழுதுவிட்டான். காரமில்லாததாகப் பார்த்து வாங்க வழி உண்டா?

பதில்: கிடையாது. ஒரே செடியில் காய்த்த இரண்டில் ஒன்று சாதுவாக இருக்கும், மற்றது உறைக்கும். சில உறைக்கும், சில உறைக்காது என்று இந்த மிளகாய்க்குப் பேர்போன வடமேற்கு ஸ்பெயினின் கலீசியாக்காரர்களே பழமொழி சொல்லிச் சிரிக்கிறார்கள். "இதில் ஒன்றுகூட உறைக்காது" என்று சந்தையில் ஒருவர் அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள்.

நுனியைக் கடித்துப் பார்த்துவிட்டு மிச்சத்தைப் பிள்ளைக்குக் கொடுப்பதும் வேண்டாம். காரம் இருப்பது காம்புப் பக்கம், விதை ஒட்டியிருக்கும் வெள்ளைத் தண்டில். நுனி ஒன்றும் காட்டிக்கொடுக்காது. வறுத்தபின் நீளவாக்கில் கீறி, அந்தத் தண்டையும் விதையையும் வழித்துவிட்டுக் கொடுங்கள். அப்படியும் உறைத்தால் தண்ணீர் உதவாது. பாலோ தயிரோ கொடுங்கள்.

ஓரளவு கணிக்க முடிவது ஒன்று உண்டு. கோடை முற்ற முற்றக் காரம் ஏறும். வெயிலும் தண்ணீர்ப் பற்றாக்குறையும் செடியை வாட்டினால் காய் உறைக்கத் தொடங்கும். செடியிலேயே விட்டுப் பருத்த காய்க்கும் அதே கதைதான். அதனால் ஆகஸ்ட், செப்டம்பரில் வாங்கினால் சுண்டுவிரலைவிடச் சிறியதை, தோல் மெல்லியதைப் பொறுக்குங்கள். பெரியதும் சிவப்பு ஓடியதும் உங்களுக்கு, பிள்ளைக்கு அல்ல. ஜூனில் வாங்கிய சின்னக் காயிலும் ஒன்றிரண்டு உறைக்கலாம், அதையும் மறக்க வேண்டாம்.

வாங்கும்போது ஏமாறுகிற இடம் பெயர்தான். பத்ரோன், கலீசியாவில் உள்ள ஊர். அதை ஒட்டிய எர்போனில் பிரான்சிஸ்கன் துறவிகள் அமெரிக்காவிலிருந்து விதை கொண்டுவந்து பயிரிட்டதாகச் சொல்வார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பு 'எர்போன் மிளகாய்' என்ற பெயருக்குத்தான். பத்ரோன் என்று மட்டும் போட்டிருந்தால் மொராக்கோவிலோ தெற்கு ஸ்பெயினிலோ விளைந்ததாகவும் இருக்கலாம். அதுவும் மோசமில்லை, ஆனால் அதற்கு எர்போன் விலை கேட்பது அநியாயம். எர்போன் அறுவடை மே முதல் அக்டோபர் வரைதான். டிசம்பரில் "புதுசா வந்த எர்போன்" என்று யாராவது நீட்டினால் சிரித்துவிட்டு நகருங்கள். விளைந்த நாட்டின் பெயரைப் போட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. போடுகிறார்கள், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிற எழுத்தில்! இதை வைத்துத்தான் இடைத்தரகர் பிழைக்கிறார்.

சரி, எண்ணெய் தெறிப்பதற்கு வருவோம். காரணம் ஈரம். கழுவிய காயைத் துணியில் உருட்டி, காம்பு மடிப்பு உட்பட நன்றாகத் துடைத்து, அரை மணி நேரம் காற்றில் விடுங்கள். காம்பைக் கிள்ள வேண்டாம், அதைப் பிடித்துத்தான் சாப்பிட வேண்டும். கிள்ளிய ஓட்டை வழியாக எண்ணெயும் உள்ளே போகும். காய் உள்ளே காலியாக இருப்பதால் ஆவி சேர்ந்து சில வெடிக்கும். கத்தி முனையால் ஒரு சின்னக் குத்து போதும்.

அகன்ற வாணலியில் மூன்று தேக்கரண்டி ஆலிவ் எண்ணெய். புகை வரவிடாதீர்கள், தோல் கருகி உள்ளே வேகாததற்கு அந்தத் தீதான் காரணம். மிதமான தீக்குச் சற்று மேலே வைத்து, ஒரே அடுக்காகப் போட்டுப் புரட்டிக்கொண்டே இருங்கள். குவித்தால் வறுபடாது, அவிந்துவிடும். 200 கிராமை இரண்டு தடவையாகப் போடலாம். நாலைந்து நிமிடத்தில் தோலில் வெள்ளைக் கொப்புளம் எழுந்து, அங்கங்கே பழுப்புப் புள்ளி விழுந்து, காய் தொய்ந்துவிடும். உடனே எடுத்துவிடுங்கள்.

உப்பு கடைசியில்தான். நம் கல் உப்பு பல்லில் கடிபடும், ஒன்றிரண்டாக நுணுக்கித் தூவுங்கள். பூண்டு, எலுமிச்சை, மிளகுத்தூள் எதுவும் வேண்டாம். சுடச்சுடச் சாப்பிட்டுவிடுங்கள், ஆறினால் தோல் ரப்பராகிவிடும். மிஞ்சியதை நறுக்கி மறுநாள் ஆம்லெட்டில் போடலாம்.